குறைந்த உணவும் நீண்ட ஆயுளும்: உயிரணுச் சவ்வு கூறும் விளக்கம்

உயிருள்ளவை யாவும் மூப்படைகின்றன. ஆயினும் அவை மூப்படையும் வேகம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சுண்டெலி மூன்றாண்டு உயிரோடிருந்தால் கிழப்பருவத்தை எய்திவிட்டது எனலாம். அதைவிடச் சற்றே பெரியதான, உடலில் மயிரற்ற ஆப்பிரிக்கத் துன்னெலியோ முப்பதாண்டுக்கு மேலும் வாழ்கிறது. எலியும் புறாவும் எடையில் பெரிதும் வேறுபட்டவை அல்ல. எனினும் எலியின் உச்ச வயது ஏறத்தாழ 4 ஆண்டு, புறாவின் உச்ச வயது ஏறத்தாழ 35 ஆண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? மூப்பின் வேகத்தை மனிதன் தன் முயற்சியால் தணிக்க இயலுமா?

இவ்விரண்டாவது வினாவுக்கு விடை தேடிய ஆராய்ச்சியாளர் பலர், பல வழிகளைக் கையாண்டு பார்த்துள்ளனர். அவற்றுள் நூறாண்டுக் காலமாகத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்டு இன்றும் நிலைத்து நிற்பது மிக எளிய வழி ஒன்றே. விலங்குக்குத் தரும் உணவின் ஆற்றல் அளவை, அதாவது கலோரியைக் குறைப்பதே அவ்வழி. புரதம், வைட்டமின், தாது உப்பு ஆகியவற்றில் குறைவு நேராமல் கலோரியை மட்டும் குறைப்பதைக் ‘கலோரிக் கட்டுப்பாடு’ என்பர். இதனால் ஆயுள் நீள்வதன் காரணத்தை ஆராயப் புகுந்தவர்களுள் ஒரு சாரார், உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் கருத்தைச் செலுத்தினர்.

எலிகளில் கண்ட உண்மை

வளர்ச்சி தடைப்பட்ட எலிகள் நெடுநாள் வாழக்கூடும் என்பதை அமெரிக்காவில் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் அறிஞர்கள் 1917-ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருந்தனர். எனினும் இதனை விரிவாக ஆராய்ந்து உலகின் கவனத்தை ஈர்த்தவர், கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிளைவ் மெக்கே ஆவார். அவரும் அவருடைய துணைவர்களும் 106 வெள்ளெலிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தனர். ஒரு தொகுதிக்கு வேண்டிய மட்டும் உணவு அளித்தனர். ஏனைய இரண்டுக்கும் வைட்டமினும் தாது உப்பும் குறையாதவாறு பார்த்துக்கொண்டு கலோரியை மட்டும் குறைத்தனர். முடிவுகள் 1935-இல் வெளிவந்தன. வயிறார உண்ட ஆண் எலிகள் சராசரியாக 483 நாட்கள் வாழ்ந்தன. குறைவாக உண்ட ஆண் எலிகள் இரு தொகுதிகளிலும் 800 நாட்களுக்கு மேல் வாழ்ந்தன. பெண் எலிகளில் இத்துணை வேறுபாடு தோன்றவில்லை.

மெக்கே இளமையிலேயே உணவைக் குறைத்தமையால் அவருடைய எலிகள் வளர்ச்சி குன்றியிருந்தன. ஆகவே, வளர்ச்சி தாமதமானதால்தான் மூப்பும் தாமதமாயிற்று என்று பலர் எண்ணினர். இக்கருத்து முழுவதும் சரியன்று என்பதை வைண்டுரூக், வால்ஃபோர்டு என்னும் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர் இருவர் 1982-இல் காட்டினர். ஓராண்டு நிரம்பி, நன்கு வளர்ந்துவிட்ட சுண்டெலிகளுக்கு அவர்கள் உணவைப் படிப்படியாகக் குறைத்தனர். அப்பொழுதும் ஆயுள் 10 முதல் 20 விழுக்காடு வரை நீண்டது, புற்றுநோயும் குறைந்தது.

ஈஸ்ட், புழு, ஈ, சிலந்தி, மீன் ஆகியவற்றிலும் இதையொத்த விளைவு காணப்பட்டுள்ளது. 2002-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 48 லாப்ரடார் நாய்கள் இணை இணையாக வளர்க்கப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய் மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டது. மிகுதியாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு அது 13 ஆண்டு.

சவ்வின் அமைப்பு

உயிரணு ஒவ்வொன்றும் ஒரு சவ்வினால் சூழப்பட்டுள்ளது. உணவுப் பொருள்கள் உள்ளே புகுவதும் கழிவுகள் வெளியேறுவதும் இதன் வழியேதான். உயிரணுவுக்குள்ளும் பல சவ்வுகள் உண்டு. உணவை எரித்து ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு சவ்வுகளால் ஆனது.

சவ்வின் அடிப்படை அமைப்பு கொழுப்பினால் ஆனது. நெதர்லாந்து நாட்டில் கோர்ட்டர், கிரெண்டல் என்பார் 1925-இல் செய்த எளிய பரிசோதனை ஒன்று இதன் அமைப்பைப் புலப்படுத்தியது. இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பின் மீது ஓரடுக்காகப் பரவவிட்டபோது, அப்படலத்தின் பரப்பு அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருந்தது. சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது என்று இதனின்றும் உய்த்துணர்ந்தனர். கொழுப்பினால் ஆன இவ்வடுக்குகளிடையே புரதங்கள் மிதந்து இடம்பெயர்கின்றன என்னும் விளக்கத்தை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் அளித்தனர். ஆகவே, சவ்வு சுவரைப்போல் இறுகியதன்று, எண்ணெயைப்போல் நெகிழ்ச்சியுடையது.

இந்நெகிழ்ச்சி கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அவற்றின் மூலக்கூறுகள் நேரான கோல்களைப்போல் நெருங்கி அடுக்கப்படுகின்றன. நல்லெண்ணெயில் நிறைவுறாத அமிலங்கள் மிகுதி. இவற்றில் கரி அணுக்களுக்கிடையே ஆங்காங்கே இரட்டைப் பிணைப்பு அமைந்துள்ளது. பிணைப்பு உள்ள இடத்தில் மூலக்கூறு வளைகிறது. வளைந்தவை நெருங்கி அடங்குவதில்லை. உயிரணுச் சவ்விலும் இவ்விருவகை அமிலங்கள் கலந்துள்ளன. மூளை, இதயம் போன்ற உறுப்புகளின் சவ்வுகளில் இரட்டைப் பிணைப்புகள் பல உடைய அமிலங்கள் சிறப்பாக இடம்பெறுகின்றன.

கொழுப்பு கெடும் வகை

நெகிழ்ச்சி தரும் இரட்டைப் பிணைப்பே சவ்வின் பலவீனமும் ஆகிறது. நெடுநாள் திறந்து வைத்த எண்ணெய் சிக்கு வாடை வீசுவதை யாவரும் அறிவர். ஓவியர்கள் வண்ணத்துடன் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றுப் பட்டதும் இறுகித் தோலாகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நிறைவுறாத கொழுப்பு அமிலம் பிராணவாயுவுடன் கூடிச் சிதைவதாகும்.

இரு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையே உள்ள கரி அணுவினின்றும் ஹைட்ரஜனைப் பறிப்பது எளிது. ஆகவே, பிணைப்புகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கேடும் பன்மடங்காகிறது. அமெரிக்க இரசாயன அறிஞர் ரால்ஃப் ஹோல்மன் 1954-இல் இதனை அளவிட்டுக் கூறினார். இரண்டு இரட்டைப் பிணைப்புகளை உடைய லினோலியிக் அமிலம் கெடும் வேகத்தை 1 எனக் கொண்டால், ஒரே பிணைப்புடைய ஒலியிக் அமிலத்தின் வேகம் 0.025 தான். நான்கு பிணைப்புகளை உடைய அராக்கிடோனிக் அமிலத்துக்கு அது 4. ஆறு பிணைப்புகளை உடைய டி.எச்.ஏ. என்னும் அமிலத்துக்கு 8. அஃதாவது, டி.எச்.ஏ. ஒலியிக் அமிலத்தைக் காட்டிலும் 320 மடங்கு விரைவாகக் கெடத் தக்கது.

உடலினுள் இக்கேட்டைத் தொடங்கி வைப்பவை ‘தனி உறுப்புகள்’ எனப்படும் வேகமான இரசாயனத் துணுக்குகள். இவையே மூப்புக்குக் காரணம் என்னும் கொள்கையை டென்ஹாம் ஹார்மன் 1956-இல் வெளியிட்டார். இவற்றுள் பெரும்பங்கு, உணவை எரிக்கும் மைட்டோகாண்டிரியாவிலேயே பிறக்கின்றது. அதன் சவ்வு எளிதில் கெடும் அமிலங்களால் ஆனதாயின், அது பொறி பறக்கும் அடுப்பின் அருகே வைக்கோலை அடுக்கி வைத்ததைப் போன்றதாகும். ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்திலுள்ளதையும் கெடுக்கிறது. இச்சங்கிலித் தொடரை வைட்டமின் ஈ போன்ற காப்புப் பொருள்களே அறுக்க வேண்டும். சிதைவில் எஞ்சும் ஆல்டிஹைடுகள் அருகிலுள்ள புரதங்களையும், மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறுகளையும் பற்றிச் சேதப்படுத்துகின்றன.

உணவு குறைந்தால் சவ்வில் நேரும் மாற்றம்

டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பியுங் பால் யூ என்பவரும் லகனியேர் என்பவரும் எலிகளின் கல்லீரலை ஆராய்ந்து 1987 முதல் சில கட்டுரைகளை வெளியிட்டனர். வயிறார உண்ட எலிகளுக்கு வயது ஏற ஏற, சவ்வுகளில் பல பிணைப்புகளை உடைய நீண்ட அமிலங்கள் பெருகின. அவற்றுடன் கொழுப்புச் சிதைவும் பெருகியது. அவை உண்ட அளவில் 60 விழுக்காடு மட்டும் பெற்ற எலிகளின் சவ்வு இதற்கு மாறாக இருந்தது. பல பிணைப்புகளை உடைய நீண்ட அமிலங்கள் குறைந்தன, அவற்றைப்போல் எளிதில் கெடாத லினோலியிக் அமிலம் மிகுந்தது, சிதைவும் தணிந்தது.

இங்கு வியப்பான செய்தி ஒன்றுண்டு. பிணைப்புகள் பெருகினால் சவ்வு நெகிழ வேண்டும் என்பது விதி. ஆனால், முதிய எலிகளின் சவ்வு விறைப்பாகவே காணப்பட்டது. கெட்டுப்போன கொழுப்பு சவ்வை இறுகச் செய்வதே இதற்குக் காரணம் என ஆராய்ச்சியாளர் கருதினர். குறைவாக உண்ட எலிகளில் இவ்விறைப்பு பெரிதும் தடுக்கப்பட்டது. சவ்வு விறைத்தால் அதில் மிதக்கும் புரதங்கள் தத்தம் பணியைச் செவ்வனே செய்ய இயலாது. ஆகவே, உயிரணுவின் வாயில்கள் முதுமையில் பழுதடைவதற்கும் உண்ணும் அளவுக்கும் தொடர்பு உண்டு என்பது புலனாயிற்று.

கலோரி குறைந்ததைச் சவ்வு எவ்வாறு அறிந்துகொள்கிறது? கொழுப்பு அமிலத்தில் புதிய இரட்டைப் பிணைப்புகளைப் புகுத்தும் நொதிகள் கல்லீரலில் உள்ளன. இந்நொதிகளை இன்சுலின் தூண்டுகிறது. உணவு குறைந்தால் இரத்தத்தில் இன்சுலினும் குறைகிறது. நொதிகளின் வேலையும் மந்தமாகலாம். ஆதலின் உடல் வெறுமனே உணவின்றி வாடுவதில்லை. பற்றாக்குறைக் காலத்துக்கேற்பத் தன் கட்டுமானப் பொருளையே மாற்றிக்கொள்கிறது எனக் கொள்ள இடமுண்டு.

நெடுநாள் வாழும் விலங்குகளின் சான்று

சவ்வின் தன்மைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருக்குமாயின், இயற்கையிலேயே நெடுநாள் வாழும் விலங்குகளில் அது தெரிய வேண்டும். ஸ்பெயின் நாட்டில் பாம்ப்ளோனா, பார்ஹா ஆகியோர் இதனை ஆராய்ந்தனர். எலியின் மைட்டோகாண்டிரியாவைக் காட்டிலும் புறாவின் மைட்டோகாண்டிரியாவும் மனிதனின் மைட்டோகாண்டிரியாவும் நிறைவுறாத் தன்மை குறைந்தவை என்று 1996-இல் கண்டனர். பல பாலூட்டிகளை ஒப்பிட்டு 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், சவ்வு கெடும் இயல்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு உச்ச வயது மிகுதி என்று காட்டினர். ஆஸ்திரேலியாவின் ஹல்பர்ட் 2006-இல் தம் துணைவர்களுடன் மயிரற்ற துன்னெலியை ஆராய்ந்தார். அதன் சவ்வுகளில் இருந்த டி.எச்.ஏ. சுண்டெலியின் சவ்வுகளில் இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கே.

ஒப்பீடு மட்டுமே காரணத்தை நிறுவிவிடாது. ஆகவே, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக் கழகத்தில் ஜான் ராம்சே முதலியோர் நேரடிப் பரிசோதனை ஒன்றை மேற்கொண்டனர். சுண்டெலிகளுக்குக் கலோரியை 40 விழுக்காடு குறைத்து, உணவிலுள்ள கொழுப்பை மட்டும் மாற்றினர். ஒரு தொகுதிக்கு மீனெண்ணெய், மற்றொன்றுக்குச் சோயா எண்ணெய், மூன்றாவதற்குப் பன்றிக் கொழுப்பு. முதலிரண்டிலும் பல பிணைப்புகளை உடைய அமிலங்கள் மிகுதி, மூன்றாவதில் குறைவு. 2015-இல் வெளிவந்த முடிவின்படி, பன்றிக் கொழுப்பை உண்டவையே ஏனையவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன. சவ்வுக் கொள்கையை ஆதரிக்கும் வலிய சான்று இது.

எனினும் இதனைக் கொண்டு மனிதர் எண்ணெயை விடுத்து விலங்குக் கொழுப்பை நாட வேண்டும் என்று கொள்வது பெரும் பிழையாகும். கூண்டுக்குள் குறைவாக உண்டு வளரும் சுண்டெலிக்குப் பொருந்துவது, இதய நோய்க்கு இலக்காகும் மனிதனுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. மனித மூளையும் விழித்திரையும் நன்கு அமைவதற்கு டி.எச்.ஏ. இன்றியமையாதது.

தீராத ஐயங்கள்

சவ்வுக் கொள்கைக்கு முரணான செய்திகளும் உண்டு. நெடுநாள் வாழும் துன்னெலியின் உடலில், இளமையிலேயே, சுண்டெலியினதைவிட மிகுதியான கொழுப்புச் சிதைவு இருப்பதாக 2006-இல் பஃபென்ஸ்டைன் குழுவினர் கண்டனர். சேதத்தைத் தவிர்ப்பதைவிடச் சேதத்தைத் தாங்கும் ஆற்றலே அவ்விலங்கைக் காக்கிறது போலும். மேலும், கலோரிக் கட்டுப்பாடு சவ்வை மட்டும் மாற்றுவதில்லை. இன்சுலின், உடல் வெப்பம், பழுதான பகுதிகளை உயிரணு தானே செரித்துப் புதுப்பிக்கும் செயல் ஆகிய அனைத்தும் ஒருங்கே மாறுகின்றன. ஆயுள் நீட்சியில் சவ்வின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரித்து அளக்கப்படவில்லை.

எல்லா விலங்குக்கும் ஒரே பயன் கிட்டுவதும் இல்லை. 2010-இல் நாற்பதுக்கு மேற்பட்ட சுண்டெலி வகைகளுக்கு 40 விழுக்காடு உணவைக் குறைத்துப் பார்த்தபோது, சில வகைகளில் ஆயுள் நீண்டது. வேறு சில வகைகளில் குறைந்தே போயிற்று. 2024-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், மரபு வேறுபாடுடைய 960 பெண் சுண்டெலிகள் ஆராயப்பட்டன. உணவைக் குறைத்ததால் ஆயுள் நீண்டது உண்மை. ஆனால், குறைத்த உணவிலும் எடை இழக்காமல் தாங்கி நின்றவையே மிகுதியாக வாழ்ந்தன. மரபின் செல்வாக்கு உணவின் செல்வாக்கைவிடப் பெரிதாக இருந்தது.

மனிதனுக்கு நெருங்கிய விலங்காகிய செம்முகக் குரங்குகளைக் கொண்டு அமெரிக்காவில் இரு நெடிய ஆராய்ச்சிகள் நடந்தன. தேசிய முதுமை ஆராய்ச்சி நிலையம் 1987-இலும், விஸ்கான்சின் நிலையம் 1989-இலும் இவற்றைத் தொடங்கின. இரண்டிலும் கலோரி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. விஸ்கான்சின் குரங்குகளில் மூப்பு நோய்களும் அவற்றால் நேரும் இறப்பும் குறைந்தன என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. மற்ற நிலையமோ, ஆயுளில் குறிப்பிடத் தக்க வேறுபாடு இல்லை என்று 2012-இல் கூறியது. இரு குழுவினரும் ஒன்றுகூடி 2017-இல் இம்முரண்பாட்டை ஆராய்ந்தனர். விஸ்கான்சின் உணவில் சர்க்கரை 28.5 விழுக்காடு, மற்றதில் 3.9 விழுக்காடே. மேலும், இரண்டாம் நிலையத்தில் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த குரங்குகளுக்கும் உணவு அளந்தே தரப்பட்டது. மிகையாக உண்ட குரங்குகளோடு ஒப்பிட்டபோது குறைப்பின் பயன் பெரிதாகத் தோன்றியது. அளவாக உண்டவற்றோடு ஒப்பிட்டபோது அப்பயன் சுருங்கியது. இது சிந்திக்கத் தக்கது.

குறைத்தலும் குறைபாடும்

இவ்வாராய்ச்சிகளைப் படிப்போர் தவறாமல் மனத்திற் கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. கலோரியைக் குறைப்பது வேறு. ஊட்டம் குன்றுவது வேறு. இவ்வேறுபாட்டை நம் நாட்டு ஆராய்ச்சியே தெளிவுபடுத்தியுள்ளது. இராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் 1918-இல் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம், 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. வயிறு நிரம்பியும் ஊட்டம் குன்றலாம் என்பதை இவ்வெலிகள் காட்டின. மெக்கேயின் எலிகளோ வயிறு நிரம்பாமலே ஊட்டம் குன்றாதிருந்தன. வறுமையினால் குறைவாக உண்பவரின் உணவில் கலோரியோடு புரதமும் இரும்புச் சத்தும் வைட்டமினும் சேர்ந்தே குறைகின்றன. அத்தகைய குறைவு ஆயுளை நீட்டுவதில்லை, சுருக்குகிறது.

முறையாகக் குறைத்த உணவும் தீங்கற்றதன்று. இளமையில் குறைத்தால் வளர்ச்சி குன்றும். இனப்பெருக்க ஆற்றல் தளரும். குறைவாக உண்ட சுண்டெலிகள் இன்புளுயன்சா நோய்க்கு எளிதில் இரையாயின என்று 2005-இல் கண்டறியப்பட்டது. ஆகவே குழந்தைகள், கருவுற்ற மகளிர், பால் கொடுக்கும் தாய்மார், நோயுற்றோர், மெலிந்த முதியோர் ஆகியோருக்கு இம்முறை எவ்வாற்றானும் ஏற்றதன்று.

உடல்நலம் உள்ளோர் 218 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஈராண்டுப் பரிசோதனையின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. 25 விழுக்காடு குறைக்க முயன்றவர்கள் உண்மையில் குறைத்தது 12 விழுக்காடே. ஆயினும் அவர்களுடைய இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் சீர்பட்டன. ஆயுள் நீளுமா என்பதை ஈராண்டில் அறிய இயலாது. மனித ஆயுளை அளக்க மனித ஆயுளே வேண்டும்.

ஆராய்ச்சியின் நோக்கம் மக்களைப் பட்டினியிருக்கச் செய்வதன்று. உணவு குறைந்தபோது உடல் தன் சவ்வை எவ்வாறு திருத்தியமைத்துக்கொள்கிறது என்பதை அறிந்தால், பசியின் துன்பமின்றியே அத்திருத்தத்தைத் தூண்டும் வழி பிறக்கக் கூடும். அதுவரை இவ்வாராய்ச்சிகள் உறுதியாகக் கற்பிப்பது இதுவே: மிகையாக உண்பவர் அளவோடு உண்டால் நலம் பெறுவர், போதாமல் உண்பவருக்குப் போதிய நல்லுணவு கிட்டச் செய்வதே ஆயுளை நீட்டும் வழி. எடை மிகுந்தோரும் ஊட்டம் குன்றியோரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் நம் நாட்டில், இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர நினைவில் வைத்தல் வேண்டும்.